மூன்று முழுக்கும் மூன்று பிடி மண்ணும்

கதை கேட்க வந்தவர்களே, காதை இந்தப் பக்கம் திருப்பி அமருங்கள். மலைகள் எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்து முடித்து, ஆறுகள் மட்டும் எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கொன்றைமங்கலம் என்றொரு நாடு இருந்தது. பொன்னாதன் என்றொரு மன்னன் அதை ஆண்டான்.

அவன் பெரிய மன்னன் என்று ஆற்றுக்கு வடகரையில் கதை சொல்பவர்கள் சொல்வார்கள். சிறிய மன்னன்தான், மீசைதான் பெரிது என்று தென்கரையில் சொல்வார்கள். மீசையைப் பொறுத்தவரை இரு கரையிலும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்நாட்டு மக்கள் நல்லவர்கள். பொய் சொல்லமாட்டார்கள். வந்தவரைப் பசியோடு அனுப்பமாட்டார்கள். ஆடத் தெரியாது என்று ஒருவரும் ஒதுங்கமாட்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதைத் தொடங்கினாலும் அதற்கு முதலில் ஒரு தொடக்க விழா எடுப்பார்கள்.

வாசலில் தோரணம் ஆடும். தெருவில் முரசு முழங்கும். வந்தவர்க்கெல்லாம் பாயசம் வார்க்கப்படும். சபதம் எடுப்பவரின் கழுத்தில் கொன்றைமாலை விழும். அவர் தம் சபதத்தை உரக்கச் சொல்வார். ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு சுற்றும்.

இனி வைகறையில் எழுவேன் என்று ஒரு நெல் வணிகன் சபதம் செய்தான். விழா விடிய விடிய நடந்தது. அவன் உச்சிப்பொழுதில் எழுந்தான்.

இனி அளந்து பேசுவேன் என்று ஒரு மாமியார் சபதம் செய்தாள். அந்தச் செய்தியை வீடுவீடாகப் போய் விரித்துச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று ஒரு மல்லன் சபதம் செய்தான். விழாவில் அதிரசம் மிக நன்றாக இருந்தது என்று அவனே எல்லோரிடமும் சொன்னான்.

விழா முடிந்தால் காரியமும் முடிந்துவிட்டதாக அவர்கள் மனம் நிறைந்துவிடும். தோளில் ஏறி மூன்று தெரு சுற்றி வந்தவனுக்கு, இனிமேல்தான் வேலை தொடங்குகிறது என்று சொன்னால் எப்படி நம்புவான்?

இனி ஏரியின் கதைக்கு வருவோம்.

கொன்றைமங்கலத்துக்கு உயிர் அதன் பெரிய ஏரி. ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீர் கோடையிலும் வற்றாது. ஆனால் நீரோடு வண்டலும் வந்தது. வண்டல் ஏற ஏற ஏரியின் ஆழம் குறைந்தது. மாடும் மனிதரும் மழையும் மிதிக்க மிதிக்கக் கரை தாழ்ந்தது. ஆழமும் இல்லை, உயரமும் இல்லை என்றால் மழைநீர் எங்கே நிற்கும்? ஐப்பசி தோறும் கரை உடைந்தது. வெள்ளம் பள்ளத்தில் இருந்த தாழைநாட்டுக்குள் புகுந்தது.

தாழைநாட்டின் மன்னன் பெயர் வல்லங்கோ. மூன்றாம் முறை கரை உடைந்த மறுநாள் அவன் முழங்கால் வரை சேற்றோடு பொன்னாதனின் அவைக்குள் நுழைந்தான்.

"பொன்னாதரே, நான் நேற்று என் பள்ளியறையில் படுத்தேன். இன்று கோயில் வாசலில் விழித்தேன். கட்டில் என்னைச் சுமந்துகொண்டு மிதந்து போயிருக்கிறது" என்றான்.

"பக்தியுள்ள கட்டில்" என்றான் பொன்னாதன்.

"என் பட்டத்து யானை பக்கத்து ஊரில் ஒரு புளியமரத்தைத் துதிக்கையால் கட்டிக்கொண்டு நிற்கிறது. மரத்தை விடமாட்டேன் என்கிறது. அதுவும் பக்திதானோ?"

பொன்னாதன் தலைகுனிந்தான். அவன் மீசையும் உடன் குனிந்தது.

வல்லங்கோ தன் நிபந்தனையைச் சொன்னான். "அடுத்த ஐப்பசிக்குள் உங்கள் கரையை உயர்த்துங்கள். வரும் மழைக்கு அது நின்றால் நாம் நண்பர்கள். உடைந்தால் ஏரியும் நாடும் எனக்கு. நீங்கள் என் பின்னால் வெற்றிலைச் செல்லம் தூக்கி வருவீர்கள். செல்லத்துக்கு வார் தைக்க வேண்டும். தோளின் அளவு கொடுங்கள்."

அளவெடுக்க ஆளையும் கூடவே கூட்டி வந்திருந்தான். பொன்னாதன் அசையாமல் நின்று அளவு கொடுத்தான். 

விருந்தாளி போனதும் மன்னன் ஏரிக் காவலர் கண்ணத்தனாரை அழைத்தான். "நாட்டு மக்கள் எல்லோரையும் திரட்டுங்கள். நாளைக் காலை தொடங்கி மாலைக்குள் கரையை உயர்த்திவிடலாம்" என்றான்.

"கூடாது அரசே. ஈர மண்ணை ஒரே நாளில் குவித்தால் அது ஒரே மழையில் சரியும். இன்று மெல்லியதாக ஓர் அடுக்கு இட வேண்டும். அது வெயிலில் காய வேண்டும், காலில் மிதிபட வேண்டும். நாளை அதன்மேல் இன்னொன்று. இடையில் விட்டுவிட்டால் காய்ந்த மண் வெடிக்கும். வெடிப்பில் நீர் நுழையும். நாள்தோறும் கொஞ்சம் மண், நாள் தவறாமல் மண். வேறு வழி இல்லை" என்றார் கண்ணத்தனார்.

"அவ்வளவுதானா" என்றான் மன்னன். உடனே முரசறையச் சொன்னான்.

முதல் முயற்சி இப்படி நடந்தது. ஆளுக்கு ஒரு கூடை மண் நாள்தோறும் இடுவோம் என்று நாடே சபதம் செய்தது. அதற்கு எடுத்த விழாவைப் போல முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏரிக்கரை முழுவதும் தோரணம் கட்டினார்கள். எல்லோரும் சபதம் எடுத்ததால் தோளில் தூக்க ஆளே இல்லை. ஆகவே ஒருவரை ஒருவர் மாறி மாறித் தூக்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் எல்லோரும் மண் சுமந்தார்கள். இரண்டாம் நாள் பாதிப்பேர் சுமந்தார்கள். மூன்றாம் நாள் பொன்னாதனின் பட்டத்து யானை மட்டும் சுமந்தது. விழா முடிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் முயற்சி இப்படி நடந்தது. மறதிதான் காரணம் என்று மன்னன் முடிவு செய்து, முரசறைவோன் பூதனைத் தெருத்தெருவாக அனுப்பினான். "மண் எடு, மண் எடு, மறவாதே" என்று பூதன் காலை முதல் மாலை வரை அறைந்தான். முதலில் மக்கள் ஓடி வந்தார்கள். பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு அந்த அடிக்குத் தகுந்தாற்போல் ஆடக் கற்றுக்கொண்டார்கள். மண் எடு என்றால் இடக்கால், மறவாதே என்றால் வலக்கால். பூதனைத் திருமண வீடுகளில் விரும்பி அழைத்தார்கள். ஏரிக்கரைக்கு மட்டும் யாரும் போகவில்லை.

மூன்றாம் முயற்சி இப்படி நடந்தது. மண் இடாதவர் கடைத்தெருவில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்று மன்னன் ஆணையிட்டான். மறுநாள் கடைத்தெரு முழுவதும் ஒற்றைக் காலில் நின்றது. வாங்குபவர் ஒற்றைக் காலில், விற்பவர் ஒற்றைக் காலில், தண்டனையைக் கண்காணிக்க வந்த காவலரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். அவர்களும் மண் இடவில்லை. மன்னன் நிலைமையைப் பார்க்க வந்தான். தானும் மண் இடவில்லை என்பது அப்போது அவனுக்கு நினைவுக்கு வந்தது. நேர்மையானவன் ஆதலால் அவனும் ஒரு காலைத் தூக்கினான்.

அந்த வாரம் ஒற்றைக் காலில் நிற்பதற்கு ஒரு தொடக்க விழா நடந்தது. போட்டியில் மல்லன் முதலாவதாக வந்தான். பரிசாக அதிரசம் பெற்றான்.

கோடை பிறந்தது. கரை இருந்த இடத்திலேயே இருந்தது.

பொன்னாதன் அரண்மனை மாடத்தில் அமர்ந்து தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அரசி மருதி அங்கே வந்தாள். அவள் வறண்ட நாட்டில் பிறந்தவள். முகம் கழுவிய நீரைத் தரையில் விடமாட்டாள், கறிவேப்பிலைச் செடிக்குத்தான் விடுவாள். அவள் பிறந்த நாட்டில் எல்லோருக்கும் செடியின் பக்கமாக நின்றுதான் முகம் கழுவத் தெரியும்.

"தோளில் என்ன வலியா?" என்று கேட்டாள்.

"இன்னும் வரவில்லை. வெள்ளிச் செல்லம் கனமாக இருக்கும் என்கிறார்கள்" என்றான் மன்னன். பிறகு பெருமூச்சு விட்டான். "தேவி, என் மக்களுக்கு மனவுறுதி இல்லை. எனக்கும் இல்லை. நாள் தவறாமல் ஒரு காரியம் செய்ய எங்களால் ஆகாது."

"இன்று காலை நீங்கள் குளித்தீர்களா?"

"குளித்தேன்."

"நேற்று?"

"இதென்ன கேள்வி. என்றைக்கு நான் குளிக்காமல் இருந்தேன்?"

"யார் முரசு அறைந்து நினைவூட்டினார்கள்? எந்தச் சபதத்தின் பேரில் குளித்தீர்கள்? குளிக்காவிட்டால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா?"

"குளிக்க எதற்கு நினைவூட்டல்? எழுந்தால் கால் தானாகத் துறைக்கு நடக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. ஏறி வந்தால் பசி. இதை எல்லோரும்தான் செய்கிறார்கள்."

"அப்படியானால் நாள் தவறாமல் ஒரு காரியம் செய்ய உங்கள் மக்களுக்குத் தெரிந்திருக்கிறது" என்றாள் மருதி. "அதுவும் ஏரிக்கே போய், வண்டலிலேயே நின்று, கரை மேலேயே ஏறித் திரும்புகிறார்கள். வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருகிறார்கள். அது ஒன்றுதான் குறை."

மன்னன் தோளைத் தடவுவதை நிறுத்தினான்.

"குளியலை மண்ணுக்கு வண்டியாக்குங்கள். ஒரு முழுக்கு, ஒரு பிடி. தனியாக நினைக்க வேண்டாம், தனியாக நடக்க வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விழா கிடையாது."

"சிறியதாகக்கூட..."

"கிடையாது."

"ஒரே ஒரு தோரணம்?"

"தோளின் அளவு எத்தனை சாண் என்று சொன்னார்கள்?" என்று கேட்டாள் அரசி.

 மன்னன், முரசறைவோனைக் கூப்பிட எழுந்த தன் கையை மற்றொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

இந்த இடத்தில் மலையடிவாரத்துக் கதைசொல்லிகள், எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுவார்கள். அப்படி ஆகவில்லை. மற்ற எல்லோரும் சொல்வது இதுதான்.

மன்னனுக்கு அரசியின் யோசனையைக் கொஞ்சம் அழகுபடுத்த வேண்டும் என்று தோன்றியது. மண் புனிதமானது, அதைத் தூய்மையான உடலோடு தொடுவதுதான் முறை என்று எண்ணினான். ஆகவே, குளித்து முடித்து, ஈரம் துவட்டி, உலர்ந்த ஆடை உடுத்திய பின் ஒவ்வொருவரும் மூன்று பிடி வண்டல் எடுத்துக் கரையில் இட வேண்டும் என்று அமைதியாகச் சொல்லி அனுப்பினான்.

குளித்துவிட்டு வந்தவன் சேற்றில் கை விடுவானா? துவட்டிய தலையோடு மக்கள் வண்டலைப் பார்த்தார்கள். வண்டல் அவர்களைப் பார்த்தது. நாளைக்கு இடலாம் என்று இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்டன.

"குளித்த பின் என்று சொல்லாதீர்கள். குளியலுக்குள்ளே என்று சொல்லுங்கள். மண் முதலில், முழுக்கு பிறகு. அழுக்கான கையை அடுத்த முழுக்கு கழுவிவிடும். கழுவுவதற்காகவேனும் முழுகுவார்கள், முழுகுவதற்காகவேனும் எடுப்பார்கள்" என்றாள் மருதி.

மறுநாள் காலை மன்னனும் அரசியும் பொதுத் துறைகளுக்கே போனார்கள். மன்னன் ஆண்கள் துறையில் இறங்கினான். அரசி பெண்கள் துறையில் இறங்கினாள். மன்னன் குனிந்து ஒரு பிடி வண்டலை அள்ளிக் கரை மேல் வீசினான். மூக்கைப் பிடித்து முழுகினான். மறு பிடி, மறு முழுக்கு. மூன்றாம் பிடி, மூன்றாம் முழுக்கு. கரையேறும்போது தான் வீசிய மண்ணை ஈரக்காலால் மிதித்துவிட்டு, பசியோடு வீட்டுக்குப் போனான்.

முரசு இல்லை. மாலை இல்லை. யாரும் யாரையும் தூக்கவில்லை.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த நெல் வணிகன், "அரசே, இது எதற்கு?" என்று கேட்டான்.

"கரைக்கு" என்றான் மன்னன்.

அரசன் செய்வதை ஊர் செய்யும். மறுநாள் வணிகன் வீசினான். அதற்கு மறுநாள் அவன் தெரு வீசியது. பெண்கள் துறையில் அந்த மாமியார் ஒவ்வொரு பிடியையும் ஒரு மருமகளின் பெயரைச் சொல்லி வீசினாள். மூன்று மருமகள்கள் இருந்ததால் கணக்குச் சரியாக வந்தது. மருமகள்களோ மூன்று பிடியையும் ஒரே பெயரைச் சொல்லி வீசினார்கள்.

மாதம் ஒன்று கழியும்போது அவர்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. இரண்டு கழியும்போது அதைச் செய்யாமல் இருக்கவும் அவர்களால் முடியவில்லை. அது குளியலின் ஓர் உறுப்பாகிவிட்டது. நீர் தொட்டால் கை குனிந்தது. கை குனிந்தால் மண் வந்தது. மண் வந்தால் கரைக்குப் பறந்தது.

இதனால் சில சங்கடங்களும் விளைந்தன. மல்லன் மாமனார் ஊருக்கு விருந்துக்குப் போனான். அங்கே பித்தளை அண்டாவில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். அவன் அண்டாவின் அடியைத் துழாவினான். ஒன்றும் அகப்படாமல் போகவே, குளித்த நிறைவு வராமல், கொல்லைக்குப் போய் மூன்று பிடி மண் அள்ளிச் சுவர் மேல் வீசிவிட்டு வந்து இலையில் அமர்ந்தான். மாமனார் தம் மகளைத் தனியே அழைத்து, "அம்மா, மாப்பிள்ளை எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டார்.

ஆடி போனது. ஆவணி போனது. புரட்டாசி பிறந்தது. ஏரி ஆழமாயிற்று. கரை உயர்ந்தது. ஒவ்வோர் அடுக்கும் காய்ந்தது. ஒவ்வோர் அடுக்கும் மிதிபட்டது. கண்ணத்தனார் தினமும் கரையில் காது வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரியாது.

செய்தி தாழைநாட்டுக்கு எட்டியது. வல்லங்கோ அதற்குள் கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டு, வெள்ளம் வந்தால் வரட்டும், ஏரி கிடைத்தால் போதும் என்று காத்திருந்தான். வெள்ளிச் செல்லம் தயாராகிவிட்டது. வாரும் தைத்தாகிவிட்டது. இப்போது கரை உயர்கிறது என்றால் அவன் என்ன செய்வான்?

அவன் கெட்டவன் அல்லன். ஆனால் கெட்டிக்காரன். கொன்றைமங்கலத்தாரை அவர்களைவிட நன்றாக அறிந்தவன்.

மழைக்கு முந்திய வாரம் அவன் மூன்று வண்டிகளோடு வந்தான். ஒரு வண்டியில் தேன். ஒரு வண்டியில் மாலை. ஒரு வண்டியில் இசைக்குழு.

"பொன்னாதரே, உங்கள் மக்களின் உழைப்பைக் கேட்டு உள்ளம் பூரித்தேன். இவ்வளவு பெரிய காரியம் தொடக்க விழாவே இல்லாமல் நடந்ததாமே. மனம் பொறுக்கவில்லை. விட்டுப்போன விழாவை நானே எடுக்கிறேன். மழை வரும் வரை விழா. எல்லோரும் ஓய்வெடுக்கட்டும்" என்றான்.

அதுதான் சோதனை. மழைக்கு முன் வெயில் கடுமையாக அடிக்கும் நாட்கள் அவை. அப்போது அடுக்கு விட்டுப்போனால் கரை வெடிக்கும். வெடித்த கரை முதல் மழைக்கே திறந்துவிடும். வல்லங்கோவுக்கு அது தெரியும். கண்ணத்தனாருக்கும் தெரியும். அவர் மன்னனின் முகத்தைப் பார்த்தார்.

மன்னன் மறுக்க வாய் திறந்தான். அதற்குள் இசைக்குழுவின் முதல் அடி விழுந்தது. மன்னனின் தோள் தன்னை அறியாமல் ஆடியது. மக்கள் ஏற்கெனவே தேன் வண்டியைச் சூழ்ந்துவிட்டார்கள்.

மன்னன் அரசியைக் கலக்கத்தோடு பார்த்தான். "தேவி, போயிற்று. இவர்களைத் தடுக்க என்னால் முடியாது. என்னையே தடுக்க முடியவில்லை."

"தடுக்க வேண்டாம். ஆடுங்கள். நாளைக் காலையில் யாராவது குளிக்காமல் இருப்பார்களா என்று மட்டும் பார்ப்போம்" என்றாள் மருதி. ஆனால் அவள் விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன.

அன்று கொன்றைமங்கலம் ஆடிய ஆட்டத்தை விவரிக்க என்னிடம் சொல் இல்லை. விட்டுப்போன விழாவையெல்லாம் சேர்த்து ஆடியது. தேன் குடித்து ஆடியது. மாலை சூடி ஆடியது. விழா நாயகன் என்று வல்லங்கோவையே தோளில் தூக்கிக்கொண்டு, மூன்று தெரு போதாமல், இருந்த தெருவெல்லாம் சுற்றியது. கரையைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை. வல்லங்கோ தோள்களின் மேல் குலுங்கியபடி சிரித்தான்.

பொழுது விடிந்தது. களைத்த நாடு கண்ணைத் திறவாமலே எழுந்தது. வயிறு நிறைந்திருந்தது, தலை சுற்றியது, காலில் ஆட்டம் மிச்சம் இருந்தது. ஆயினும் உடம்பெல்லாம் தேன் ஒட்டியிருந்தது. குளிக்காமல் எப்படி?

நாடு முழுவதும் தள்ளாடித் தள்ளாடி ஏரிக்குப் போனது. மருதி மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி உறக்கத்தில் நெல் வணிகன் நீரில் கால் வைத்தான். கை குனிந்தது. மண் வந்தது. கரைக்குப் பறந்தது. மல்லன் கொட்டாவி விட்டபடியே வீசினான். மாமியார் பெயர்களை முணுமுணுத்தபடியே வீசினாள். மன்னன் குறட்டையோடு வீசினான் என்று தென்கரையில் சொல்வார்கள். வடகரையில் அதை மறுக்கவில்லை. இன்று விழா, வேலை வேண்டாம் என்று அவர்கள் மனம் சொன்னது. கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

மாடத்தில் அரசி முந்தானையைத் திருகுவதை விட்டுவிட்டு, ஒரு முறை, ஒரே ஒரு முறை, தானும் ஆடினாள்.

வல்லங்கோவும் உடலில் ஒட்டிய தேனைக் கழுவ ஆண்கள் துறைக்கு வந்திருந்தான். தன் பக்கத்தில் எல்லோரும் குனிவதும் வீசுவதும் முழுகுவதுமாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டான். "ஓய்வு, ஓய்வு. விழா நடக்கிறது" என்று கூவினான்.

"ஆமாம் அரசே, அருமையான விழா" என்று சொல்லியபடி மல்லன் அடுத்த பிடியை வீசினான்.

முதல் நாள் வல்லங்கோ வெறுமனே முழுகினான். எல்லோரும் குனிந்து நிமிரும்போது தான் மட்டும் நின்றுகொண்டிருப்பது அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டாம் நாள் விருந்தினன் என்ற முறையில், சும்மா பார்ப்போமே என்று ஒரு பிடி வீசினான். அது நல்ல ஓசையோடு விழுந்தது. மூன்றாம் நாள் மூன்று பிடி வீசினான். பிறகு ஒவ்வொரு நாளும் ஆடினார்கள், ஒவ்வொரு நாளும் குளித்தார்கள், ஒவ்வொரு நாளும் ஓர் அடுக்கு ஏறியது.

ஒரு நண்பகலில் வானம் கறுத்தது. முதல் துளி மன்னனின் மீசையில் விழுந்தது. அடுத்த துளிகளை எண்ண யாராலும் முடியவில்லை.

மழை ஏரியை நிரப்பியது. மக்கள் எல்லோரும் கரையின் ஓரமாக நனைந்தபடி நின்றார்கள்.  நீர் பழைய கரையின் உயரத்தைத் தொட்டது. அதைத் தாண்டியது. ஆனியில் இட்ட அடுக்கைத் தொட்டது. ஆடியில் இட்டதைத் தொட்டது. ஆவணியில் இட்டதையும் புரட்டாசியில் இட்டதையும் தாண்டியது. பொன்னாதன் தோளைப் பிடித்துக்கொண்டான். அரசி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே இன்னும் நிறம் மாறாத கறுப்பு மண் மெல்லியதாக மிச்சம் இருந்தது. விழா நாட்களில், யாரும் வேலை என்று நினைக்காத காலைகளில், பாதி உறக்கத்தில் விழுந்த மண் அது. நீர் அதன் அடிவிளிம்பு வரை வந்தது. அங்கே நின்றது. பிறகு மழை தணிந்தது.

கண்ணத்தனார் குனிந்து கரையில் காது வைத்தார். நெடுநேரம் கேட்டார். "வெடிப்பு இல்லை" என்றார்.

வல்லங்கோ அந்தக் கறுப்பு அடுக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதில் தங்கள் பிடியும் உண்டு அரசே" என்றாள் மருதி.

"உண்டு" என்றான் அவன். தன் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். "இந்த நாட்டைப் பிடிக்க நான் தேன் கொண்டுவந்தேன், மாலை கொண்டுவந்தேன், இசை கொண்டுவந்தேன். கையை மட்டும் வீட்டில் விட்டு வந்திருக்க வேண்டும்."

முதலில் மன்னன் சிரித்தான். பிறகு வல்லங்கோ சிரித்தான். பிறகு ஏரிக்கரை முழுவதும் சிரித்தது. பொன்னாதனின் தோளுக்கென்று கொண்டுவந்திருந்த வெள்ளிச் செல்லத்தைத் திறந்து வல்லங்கோ தானே வெற்றிலை மடித்துப் பொன்னாதனிடம் நீட்டினான். நண்பர்கள் என்று சொன்ன சொல்லைக் காத்தான்.

அவன் தன் நாட்டுக்குத் திரும்பினான். கட்டிலை மாடியிலிருந்து இறக்கச் சொன்னான். மறுநாள் காலை தன் அரண்மனைக் குளத்தில் குளிக்க இறங்கினான். படியில் நின்று அமைச்சர் நாட்டு நடப்பைப் படித்துக்கொண்டிருந்தார். மன்னனின் கை குனிந்தது. மண் வந்தது. பறந்தது.

அமைச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது எந்தச் சட்டத்தின்படி அரசே?" என்று பணிவோடு கேட்டார்.

"சட்டம் இல்லை அமைச்சரே, குளியல்" என்றான் வல்லங்கோ. "நாளை முதல் சற்றுத் தள்ளி நின்று படியுங்கள்." இரண்டாம் பிடியை அள்ளினான்.

பெரியோரே, சிறியோரே, ஆற்றின் இரு கரையிலும் மலையடிவாரத்திலும் இந்தக் கதையை எப்படி எப்படியோ சொல்கிறார்கள். முடிவில் எல்லோரும் ஒன்றாகச் சொல்லும் நீதி இதுதான்: ஒரு நற்செயல் நிலைக்க வேண்டுமானால் அதைச் சபதத்தின் தலையில் ஏற்றாமல், நாள் தவறாமல் நாம் செய்துவரும் ஒரு செயலோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.